கேதீஸ்வரன் கையெழுத்து வைக்காத மூன்று கிழமை

உரும்பிராயில் கேதீஸ்வரனைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் சிரிப்பு வரும், பிறகுதான் பதில் வரும். "ஆர், உந்தக் கேக்காதை கேதீசையோ?" என்பார்கள். ஆளுக்கு அறுபத்தொரு வயது. மருதனார்மடம் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் தோட்டத்துக்கு நீர் இறைக்கிற மெசின்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் தொழில். கொட்டகைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பலகை வைப்பதென்றால் பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். "அப்ப பலகையே வேண்டாம்" என்று இவர் சொன்னார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. மெசின் பழுதான கமக்காரன் பலகையைப் பார்த்தா வருகிறான்?

அவருடைய கொள்கை முழுவதையும் ஒரு வாய்த் தேத்தண்ணி இறங்குவதற்குள் சொல்லிவிடலாம். "என்ரை விசயத்துக்கு நான் உன்னைக் கேக்கமாட்டன், உன்ரை விசயத்துக்கு நீ என்னைக் கேக்காதை. எனக்குக் கேடு செய்யாதவரைக்கும் நீ உன்ரை பாடு." அவ்வளவுதான். ஆனால் மனிதர் அவ்வளவோடு விட்டால்தானே! முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தேத்தண்ணிக்கடையில் சொன்னார், கலியாண வீட்டில் சொன்னார், செத்தவீட்டில் பாடை கட்டிக்கொண்டிருந்தவனையும் விடவில்லை. மற்றவர்களின் விசயத்தில் தலையிடக் கூடாது என்பதை மற்றவர்கள் எல்லாரையும் வழிமறித்துச் சொன்ன மனிதர் வலிகாமத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்றால், அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இளவயதில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளாக்கராக இருந்தார். ஒரு கிழவிக்கு அரைக் கிலோ சீனி கூடக் கொடுக்க மூன்று பேரிடம் ஒப்பம் வாங்க வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த எட்டாம் மாதம் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். இது ஊருக்குத் தெரிந்த காரணம். ஊருக்கு அவர் சொல்லாத காரணம் வேறு. சண்டைக் காலத்தில் தகப்பன் கொழும்பில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். போய்ப் பார்க்க இந்தப் பக்கத்தாரிடம் ஒரு பாஸ், அந்தப் பக்கத்தாரிடம் ஒரு பாஸ். இரண்டும் கைக்கு வரப் பதினொரு நாள் எடுத்தது. தகப்பன் ஒன்பதாம் நாளே போய்விட்டார். அதற்குப் பிறகு பெற்றோல் தடை வந்து, மண்ணெண்ணெயில் மெசின் ஓட்டப் பழகியபோது, யாரையும் கேட்காமல் ஓடுகிற அந்த இரும்பின் மேல் அவருக்கு ஒரு அன்பு உண்டாகிவிட்டது. அந்த அன்பு இன்னும் இருக்கிறது.

ஊரில் இரண்டு பகுதி உண்டு. ஒரு பகுதிக்குப் பரமலிங்கத்தார் தலை. ஓய்வுபெற்ற அதிபர், கோயில் பரிபாலன சபைத் தலைவர், இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும் என்பவர். மற்றப் பகுதிக்குச் சுவர்ணா. மாதர் சங்கத்தை நடத்துகிற, ஸ்கூட்டியை விட்டு இறங்கும்போதே வாதாடத் தொடங்கிவிடுகிற பிள்ளை. இந்த இருவருக்கும் ஆகாது. ஆனால் இருவரும் தனித்தனியே, கேதீஸ்வரன் தங்கள் ஆள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் ஏதோ ஒரு திணைக்களத்தார் கோயில் காணியை அளக்கச் சங்கிலியோடு வந்தார்கள். கேதீஸ்வரன் எண்ணெய்க் கையோடு ஓடிப்போய் வேலியில் நின்றார். "காணிக்காரனைக் கேட்டியளோ? கேளாமல் ஒரு அடி உள்ளை வைக்கக் கூடாது!" வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பரமலிங்கத்தார் கண் கலங்கி அவர் தோளைப் பிடித்து, "தம்பி, நீர்தான் எங்கடை ஆள்" என்றார். அடுத்த மாதமே, சாதி மாறிக் கலியாணப் பதிவு எழுதிய ஒரு சோடியை என்ன செய்வது என்று அதே பரமலிங்கத்தார் கூட்டம் வைத்தார். கூட்டத்தில் எழும்பி நின்ற கேதீஸ்வரன், "அவை ரெண்டு பேரும் வயசு வந்த ஆக்கள். எங்களைக் கேட்டே கட்டவேணும்? நாங்கள் என்ன அவையின்ரை பாயோ தலகாணியோ?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சோடிக்குத் தன் வீட்டுப் பின்னறையைத் திறந்துகொடுத்தார். சுவர்ணா கைதட்டினாள். "கேதீசண்ணை, நீங்கள்தான் எங்கடை ஆள்!"

சுவர்ணாவின் சந்தோசமும் நெடுநாள் நிலைக்கவில்லை. கோயிலில் பெண்கள் இன்ன உடுப்புத்தான் உடுக்க வேண்டும் என்று சபையார் பலகை போட்டார்கள். அரசாங்கம் அதைத் தடுக்க வேண்டும் என்று அவள் மனு எழுதிக்கொண்டு ஓடி வந்தாள். இவர் பேனையைத் தொடவில்லை. "கோயில் அவையின்ரை. பிடிக்காட்டில் போகாதை. இல்லாட்டில் வேறை ஒண்டைக் கட்டு, நான் மெசின் தாறன். அரசாங்கத்தை ஏன் பிள்ளை வீட்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு வாறாய்?"

"உங்களோடை கதைச்சால் எனக்குத் தலையிடிதான் வருது" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கேதீஸ்வரனைப் பிடித்த இந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டென்று கண்டுபிடித்துச் சொன்னவர் கிறிஸ்ரோபர். கொழும்புத்துறைக்காரர், நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், கேதீஸ்வரனின் பழைய கூட்டாளி. ஒருநாள் மெசின் திருத்த வந்தவர் மர வாங்கில் குந்திக்கொண்டு சொன்னார்:

"உம்மைப் போல ஆக்களுக்கு வெளிநாட்டிலை கட்சியே இருக்கு, தெரியுமோ? லிபற்றேரியன் எண்டு சொல்லுறது."

"கட்சியோ? அப்ப வேண்டாம். தலைவர் எண்டு ஒருத்தன் இருப்பான்."

"பொறும் ஐசே, சொல்லி முடிக்க விடும். பரமலிங்கத்தார் பழமைவாதி. என்ரை பெட்டகத்துக்குள்ளை அரசாங்கம் கை வைக்கக் கூடாது எண்டுவார். ஆனால் ஊரிலை ஆர் ஆரைக் கட்டுறதெண்டதை மட்டும் நாங்கள் பாப்பம் எண்டுவார். சுவர்ணா தாராளவாதி. ஆரும் ஆரையும் கட்டட்டும், அறைக்குள்ளை எட்டிப் பாக்காதையுங்கோ எண்டுவா. ஆனால் இருக்கிறவன்ரை பெட்டகத்தைத் திறந்து இல்லாதவனுக்குக் குடுக்க அரசாங்கம் வேணும் எண்டுவா. நீர் பெட்டகத்தையும் பூட்டிறீர், அறைக் கதவையும் பூட்டிறீர். அதுதான் விசயம்."

"அப்ப நான் ரெண்டு பேருக்கும் நடுவிலையோ?"

"நடுவிலை நிக்கிறவன் ரெண்டு பேருக்கும் தலையாட்டுவான். நீர் ரெண்டு பேரோடையும் கொழுவிறீர்."

கேதீஸ்வரனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அறுபது வயதுக்குப் பிறகு தனக்கு ஒரு பெயர் கிடைத்தது என்று அன்று வேளைக்கே கொட்டகையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் மனிசியிடம் சொன்னார். மனிசி உதயகலா தாச்சியில் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். "ஓம், ஓம்" என்றார். லிபற்றேரியன் மிளகாய்ப் புகையில் ஆறு தரம் தும்மினார்.

மிளகாயைச் சும்மா நினைக்க வேண்டாம். உதயகலாவின் கறித்தூளுக்குக் கனடாவரைக்கும் பெயர். மகள் ஆரணி ரொறன்ரோவில் இருக்கிறாள். அவளுக்கென்று அனுப்பத் தொடங்கிய தூள் இப்போது அவளுடைய தெரு முழுக்கப் போகிறது. பத்து வருடமாக உதயகலா மிளகாயையும் மல்லியையும் வீட்டில் வறுத்து, சந்தியில் அருட்செல்வனின் ஆலைக்குக் கொண்டுபோய், வரிசையில் நின்று அரைத்துக்கொண்டு வந்தார். அந்த அருட்செல்வன் ஆலையை விற்றுவிட்டு ஜேர்மனிக்கு மகனிடம் போகிறாராம். "அக்கா, நீங்கள் எடுக்கிறதெண்டால் மாதக் கடைசிவரைக்கும் பொறுத்திருக்கிறன்" என்றார். உதயகலாவுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ஐம்பத்தைந்து வயதில் தனக்கென்று ஒன்றை இவ்வளவு ஆசையாக விரும்புவோம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கொழும்புத்துறையில் தாய் சீதனமாக எழுதிக்கொடுத்த மூன்று பரப்புக் காணி சும்மா கிடந்தது. பக்கத்துக் காணிக்காரர் நெடுநாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தார். காணியைக் கொடுத்தால் ஆலை. கணக்கு நேராகத்தான் இருந்தது.

நேராக இல்லாதது சட்டம். யாழ்ப்பாணத்துத் தமிழருக்கென்று ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்த தேசவழமை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கலியாணம் முடித்த பெண் தன் சொந்தக் காணியை விற்பதென்றாலும், அது தாய் தந்த சீதனமேயானாலும், புருசன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். புருசன் தன் காணியை விற்க மனிசியைக் கேட்கத் தேவையில்லை. எழுதியவர்கள் ஆண்கள் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

"இஞ்சேருங்கோ, வெள்ளிக்கிழமை காணி உறுதி எழுத நொத்தாரிசிட்டைப் போகவேணும். உங்கடை கையெழுத்து வேணுமாம்" என்றார் உதயகலா.

"காணி உன்ரை. என்ரை கையெழுத்து ஏன்?"

உதயகலா சட்டத்தைச் சொன்னார். கேதீஸ்வரனுக்கு மூக்கு நுனி சிவந்தது. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நான் வைக்கமாட்டன்."

"விக்கவேண்டாம் எண்டு சொல்லுறியளோ?"

"ஐயோ, அப்பிடிச் சொல்ல நான் ஆர்? வித்தால் வில், விட்டால் விடு. ஆனால் நான் சம்மதம் எண்டு எழுதினால், சம்மதம் தாற அதிகாரம் எனக்கு இருக்கெண்டு நானே ஒப்புக்கொண்டதாய்ப் போகும். உன்ரை சொத்துக்கு நான் பாஸ் குடுக்கிறதோ? அது உனக்குச் செய்யிற அவமரியாதை கலா. என்னாலை ஏலாது."

இவ்வளவு மரியாதையாக ஒரு பெண்ணின் காணியை முடக்கிய மனிதரை யாழ்ப்பாணம் கண்டதுண்டா? உதயகலா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

முதல் கிழமை சுவர்ணா கேள்விப்பட்டுக் கொட்டகைக்கு வந்தாள். "சபாஷ் கேதீசண்ணை! உந்தச் சட்டத்தை இப்பிடித்தான் எதிர்க்கவேணும்!" என்றாள். ஸ்கூட்டியில் ஏறி, திறப்பைப் போட்டு, திருகாமல் நிறுத்தினாள். திரும்பி இறங்கி வந்தாள்.

"பொறுங்கோ. நீங்கள் கையெழுத்து வைக்காட்டில் உதயக்கா காணியை விக்க ஏலாதெல்லோ?"

"சட்டப்படி ஏலாது. அது சட்டத்தின்ரை பிழை."

"அப்ப சட்டத்தை மாத்த எங்கடை மனுவிலை கையெழுத்து வையுங்கோ."

"மனு எழுதினால், மாத்திற அதிகாரம் அவங்களுக்கு இருக்கெண்டு ஆகுமெல்லே?"

சுவர்ணா தலையில் கை வைத்துக்கொண்டே ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போனாள், அதுவும் ஒற்றைக் கையால்.

இரண்டாம் கிழமை வீட்டில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. உதயகலா சண்டை பிடிக்கவில்லை, முகத்தைத் தூக்கவில்லை. காலையில் வந்து பணிவாக நின்று கேட்டார்: "இஞ்சேருங்கோ, புட்டு அவிக்கட்டோ?"

"அவியன், என்னை ஏன் கேக்கிறாய்?"

"சம்மதம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

பிறகு, முற்றம் கூட்டட்டோ. ஆட்டுக்குக் குழை போடட்டோ. சாமிக்குச் செம்பருத்தி வைக்கட்டோ, நந்தியாவட்டை வைக்கட்டோ. மனிதர் கொட்டகையில் இருந்தாலும் கைத்தொலைபேசி அடிக்கும். "குளிக்கப் போகட்டோ?" மெசின் கொண்டுவந்த கமக்காரர்கள் சுற்றி நிற்க, "ஓம் போ! போ!" என்று இவர் கத்துவார். மற்றவர்கள் நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். நாலாம் நாள் தாங்க முடியாமல் வீட்டுக்கு வந்து கும்பிடாத குறையாகக் கேட்டார்.

"கலா, உனக்குப் புண்ணியம் கிடைக்கும். என்னைக் கேக்காதை!"

"கேக்காமல் செய்ய ஏலாதெண்டு சட்டம் சொல்லுது. கேட்டால் சொல்ல மாட்டன் எண்டு நீங்கள் சொல்லுறியள். நான் என்ன செய்ய?" என்றார் உதயகலா. அப்போதுதான் அவருடைய குரல் உடைந்தது. "பரமலிங்கத்தார் எண்டாலும் கையெழுத்து வைக்கமாட்டார், தான் பெரிய ஆள் எண்டு. நீங்களும் வைக்கமாட்டியள், நான் சின்ன ஆள், எனக்கு அதிகாரம் இல்லை எண்டு. ஆலை போறது எனக்கு ரெண்டிலையும் ஒண்டுதான்."

கேதீஸ்வரனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கொள்கை கொள்கைதானே என்று பாயில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் கிழமை, மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்க, பரமலிங்கத்தார் கொட்டகைக்கு வந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வாங்கில் இருந்தார்.

"தம்பி கேதீஸ், கேள்விப்பட்டன். நல்ல காரியம் செய்தீர். சீதனக் காணியை விக்க விடுறதோ? பொம்பிளை சந்தியிலை ஆலை போட்டு இருந்தால் புருசனுக்கு என்ன மதிப்பு? நாளைக்கு உம்மைத் தூள் ஆலைக்காரியின்ரை புருசன் எண்டெல்லோ சொல்லுவாங்கள். இவ்வளவு நாளும் உம்மை நான் பிழையா நினைச்சுப்போட்டன். நீர் முழுக்க எங்கடை ஆள்தான்."

அவர் போய் வெகுநேரமாகியும் கேதீஸ்வரன் கையிலிருந்த நட்டுச் சாவியைத் திருப்பவில்லை. பரமலிங்கத்தார் சொன்ன அந்த வார்த்தை அவருக்குப் புதிதாக இல்லை. தூள் ஆலைக்காரியின் புருசன். மூன்று கிழமையாக அது அவர் மனதின் அடியில் கிடந்தது. ஆலை இருப்பது கொட்டகையிலிருந்து பார்த்தால் தெரிகிற சந்தியில். அங்கே மனிசியின் பெயரில் பலகை வரும், வெளிச்சம் வரும், சனம் வரும். இங்கே இவர் எண்ணெய்க் கையோடு குந்தியிருப்பார். அதை நினைத்து வந்த சின்னப் புத்திக்குத்தான் கொள்கை என்று வேட்டி கட்டி, சால்வை போட்டு, பொட்டும் வைத்துவிட்டிருந்தார். தன்னைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. பதினொரு நாள் பாசுக்காகக் காத்து நின்றவன், தானே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு இருபது நாளாக ஒருத்தியைக் காக்க வைத்திருக்கிறேனே என்று நினைத்தவர் எழும்பிக் கொட்டகையைப் பூட்டினார்.

வீட்டுக்குப் போனதும் நேரே குசினி வாசலில் நின்றார். "நாளைக்கு எத்தினை மணிக்கு நொத்தாரிசு இருப்பார்?"

"ஒன்பதுக்கு" என்றார் உதயகலா.

நொத்தாரிசு மயூரதன் இளம் பெடியன், சட்டத்தரணியும் அவரே. கிறிஸ்ரோபர் ஒரு சாட்சி, கந்தோர்க் கிளாக்கர் மற்றச் சாட்சி. உறுதியை வாசித்தார்கள். சம்மதம் என்ற இடம் வந்தபோது கேதீஸ்வரன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு எழும்பினார்.

"தம்பி, என்ரை பேருக்குக் கீழை ஒரு வரி எழுதவேணும். இந்தச் சம்மதம் தேவையில்லாதது, எனக்கு இந்த அதிகாரம் இருக்கெண்டு நான் ஏற்கேல்லை எண்டு."

"அண்ணை, உறுதியிலை பிரசங்கத்துக்கு இடமில்லை. கையெழுத்துக்கு மட்டும்தான்."

"அப்ப சின்ன எழுத்திலை—"

"ஐசே, வையும்!" என்றார் கிறிஸ்ரோபர்.

வைத்தார். மெசின் திருத்துகிற கை, தேவையான இடத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. உதயகலாவும் ஒப்பமிட்டார், முத்து முத்தாக, ஒரு எழுத்தும் சறுக்காமல்.

வெளியே வந்ததும் வேம்பு நிழலில் மோட்டார்சைக்கிளை எடுக்கப் போனவர், மனிசி கைப்பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு கடுதாசியை எடுத்துக் கிழிப்பதைக் கண்டார்.

"என்ன அது?"

"கோட்டுக்கு எழுதின மனு. புருசன் ஞாயமில்லாமல் சம்மதம் தராட்டில் நீதிபதியிட்டை கேட்டு எடுக்கலாமாம். மயூரதன் தம்பி போன கிழமையே எழுதித் தந்தவர். இண்டைக்கு நீங்கள் வராட்டில் இங்கையிருந்து நேரே அங்கைதான் போயிருப்பன்."

கேதீஸ்வரனுக்குக் காது மடல்கள் சூடாகின. "என்னிலை வழக்கோ? அதுக்குள்ளை அருட்செல்வன் ஆலையை வேறை ஆருக்கும் குடுத்திருப்பானே!"

"குடுத்திருப்பார். ஆலை போனாலும் பறவாயில்லை, காணி என்ரை எண்டு ஒருத்தராவது எழுதித் தரட்டும் எண்டு இருந்தனான்."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லையே கலா."

"உங்களைக் கேக்கவேணுமோ?"

மனிதர் திறப்பைப் போட மறந்து நின்றார். முப்பது வருடம் ஒரே பாயில் படுத்தவள் இவள்தானா என்று பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. பயமும் பெருமையும் கலந்து ஏதோ ஒன்று வந்தது.

"உனக்கு உந்தத் துணிவு எங்கையிருந்து வந்தது?"

உதயகலா கிழித்த துண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சேலையைச் சரிசெய்து, பின்சீற்றில் ஏறி உட்கார்ந்தார்.

"முப்பது வருசமாய் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சியள். ஊர் சிரிச்சுப்போட்டுப் போட்டுது. நான் ஒருத்திதான் உந்தக் கதையை நம்பினது."